மொட்டைமாடியிலிருந்து உள்ளங்கைக்கு

ஐப்பசி மாதத்து மழை இரவு ஒன்றில் தூத்துக்குடியிலிருந்து அம்மா போன் செய்தாள். "எய்யா, டிவியில படமே இல்ல. நடுவுல வெள்ளையா ஒத்தக் கோடு நிக்கி. பேச்சு மட்டும் கேக்கு."

பழைய குழாய் டிவி சாகும்போது இப்படித்தான் சாகும். பெட்டிக்குள்ளே எலக்ட்ரான் கற்றை இடவலமாகக் கோடு கிழித்துக்கொண்டே மேலிருந்து கீழே இறங்கிவரும். மொத்தம் 625 கோடுகள், நொடிக்கு 25 படங்கள். கற்றையை மேலும் கீழும் இழுக்கும் சுற்று பழுதாகிவிட்டால் அத்தனை கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே இடத்தில் விழும். அம்மா பார்த்த அந்த ஒற்றைக் கோட்டுக்குள் ஒரு முழுப் படமே மடிந்து கிடந்தது. மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, "இதுக்கெல்லாம் பார்ட்ஸ் வர்றதில்ல ஆச்சி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அம்மாவுக்கு வயது 79. ஒரு கண்ணில் புரை அறுவை ஆகிவிட்டது, மற்றது காத்திருக்கிறது. காது கொஞ்சம் மந்தம். விரல் கணுக்களில் வலி. காலையில் பக்திப் பாடல், மதியம் இரண்டு சீரியல், மாலையில் செய்தி, படுக்கும் முன் பழைய பாட்டு. அவளுடைய நாளே டிவியை ஒட்டித்தான் நகர்கிறது. தனியாக இருக்கும் முதியவருக்கு டிவி என்பது வீட்டில் இன்னொரு குரல். அதனால்தான் இந்த அத்தியாயத்தை எழுத உட்கார்ந்தேன்.

கடைக்குப் போனேன். எத்தனை இஞ்ச், 4கே வேண்டுமா, ஓஎல்இடியா, எத்தனை ஆப் வேண்டும் என்று கேட்டார்கள். யார் பார்க்கப்போகிறார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்த வீட்டுக்கு ஒளிபரப்பு எந்த வழியாக வருகிறது என்றும் கேட்கவில்லை. நான் வெறுங்கையோடு திரும்பி வந்து, இந்த இரண்டு கேள்விகளிலிருந்து தொடங்கினேன்.

எங்கள் தெருவுக்கு முதல் டிவி 1983-ல் வந்தது. அதில் தெரிந்தது இலங்கையின் ரூபவாஹினி. மெட்ராஸில் தூர்தர்ஷன் 1975 ஆகஸ்ட் 15 அன்றே தொடங்கியிருந்தாலும் அந்த அலை எங்கள் தென்கோடிக்கு எட்டவில்லை. ரூபவாஹினி பிறந்தது 1982 பிப்ரவரியில். அதன் கோபுரம் ஒன்று 2,524 மீட்டர் உயரமுள்ள பிதுருதலகல மலையில் நிற்கிறது. டிவி அலை ஏறத்தாழ நேர்கோட்டில் போவது, பூமியோ உருண்டை. அவ்வளவு உயரத்திலிருந்து புறப்பட்டாலும் 200 கிலோமீட்டர் சுமாரில் அது தொடுவானத்தைத் தாண்டி விண்ணுக்குப் போய்விட வேண்டும். தூத்துக்குடியோ அங்கிருந்து 350 கிலோமீட்டர்.

மிச்ச தூரத்தைக் கடக்க வைத்தது மன்னார் வளைகுடா. கடலை ஒட்டிய குளிர்ந்த ஈரக் காற்றின்மேல் சூடான வறண்ட காற்று ஒரு மூடிபோலப் படியும்போது, அலை விண்ணுக்கு ஏறாமல் வளைந்து, அந்த மூடிக்கும் கடலுக்கும் நடுவே குழாய்க்குள் ஓடுவதுபோல் ஓடிவரும். மூடி கலைந்தால் படமும் கலையும். ஒரு நாள் கண்ணாடிபோலத் தெரிந்தது மறுநாள் கொசு பறப்பதாக மாறியதற்கு இதுதான் காரணம். எண்பதுகளின் பிற்பகுதியில் கொடைக்கானல் மலையில் தூர்தர்ஷன் கோபுரம் வந்தபிறகே எங்களுக்குக் கடலின் தயவு வேண்டியில்லாமல் போயிற்று. கொடைக்கானலிலிருந்து தூத்துக்குடி 180 கிலோமீட்டர். தொடுவானத்துக்கு உள்ளேயே அடங்கிவிடும்.

அந்த நாளில் டிவியின் தொல்லை முழுவதும் மொட்டைமாடியில் இருந்தது. மீன்முள்போல இருக்குமே அந்த ஆன்டெனா, அதை 1926-ல் ஜப்பானின் தோஹோகு பல்கலைக்கழகத்தில் ஷின்டாரோ உதாவும் ஹிதெட்சுகு யாகியும் உருவாக்கினார்கள். அலையின் நீளத்தில் ஏறத்தாழ பாதி நீளமுள்ள குச்சிகளை வரிசையாக நிறுத்தினால், ஒரு திசையிலிருந்து வரும் அலையை அது கூர்மையாகப் பிடிக்கும். 200 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு நீளம் ஒன்றரை மீட்டர்; குச்சி முக்கால் மீட்டர். கூர்மையாகப் பிடிப்பதால்தான் காற்றில் கொஞ்சம் திரும்பினாலும் படம் போய்விடும். அண்ணன் மாடியில் கம்பத்தைத் திருப்ப, நான் படிக்கட்டில் நின்று சேதி கடத்த, அம்மா டிவி முன்னால் நின்று பதில் சொல்வாள். "தெரியுதா?" "இல்ல." "இப்ப?" "இப்பத் தெரியி, விட்ரு, விட்ரு!" அம்மா செய்ய வேண்டியிருந்தது அவ்வளவுதான். பெட்டியில் திருகுவதற்கு இரண்டே குமிழ்கள்.

தொண்ணூறுகளில் கேபிள் வந்தது. பெரிய குடையைக் கேபிள்காரர் தன் மாடியில் வைத்துக்கொண்டார். நம் வீட்டுக்கு ஒரு கம்பி மட்டும் வந்தது. சேனலைத் தேடிப் பிடிக்கும் ட்யூனர் டிவிக்குள்ளேயே இருந்ததால், பெட்டியோடு வந்த ஒரே ரிமோட் போதும். அம்மா சேனல்களைப் பெயரால் அறியமாட்டாள், எண்ணால் அறிவாள். 5 என்றால் சீரியல், 12 என்றால் செய்தி. அந்த எண்கள் விரலில் பதிந்துவிட்டன.

பெரிய மாற்றம் அதன்பிறகு வந்தது. அது வெளியே தெரியாத மாற்றம். சாதாரண டிவிப் படத்தை அப்படியே எண்களாக்கினால் நொடிக்கு 27 கோடி பிட்டுகள் ஆகும். ஒரு சேனலுக்குரிய இடத்தில் அது அடங்காது. ஆனால் செய்தி வாசிப்பவருக்குப் பின்னால் இருக்கும் சுவர் நொடிக்கு நொடி மாறுவதில்லையே. மாறாததை விட்டுவிட்டு, மாறியதை மட்டும் அனுப்பினால்? நகர்ந்த கையைப் புதிதாக வரையாமல் 'அந்தக் கை இத்தனை புள்ளி நகர்ந்தது' என்று மட்டும் சொன்னால்? இப்படிச் சுருக்கியதில் 27 கோடி, சில பத்து லட்சங்களாக இறங்கியது. ஒரு அனலாக் சேனல் அடைத்துக்கொண்டிருந்த இடத்தில் பத்துக்கும் மேற்பட்ட டிஜிட்டல் சேனல்கள் உட்கார்ந்தன.

சுருக்கியதை விரிக்க ஒரு பெட்டி வேண்டும். கட்டணம் கட்டியவருக்கு மட்டும் பூட்டைத் திறக்கவும் அதே பெட்டி. சென்னை 2003-லேயே கட்டணச் சேனல்களுக்காக அதைக் கண்டுவிட்டது. 2011-ல் கேபிள் சட்டம் திருத்தப்பட்டு, பெருநகரங்களில் தொடங்கி நாடு முழுவதும் செட்டாப் பாக்ஸ் கட்டாயமாயிற்று. அரசு கேபிள் 2017-ல் தன் பெட்டிகளை வீடு வீடாகக் கொடுத்தது. அந்த நாளோடு டிவிக்குள் இருந்த ட்யூனருக்கு வேலை இல்லாமல் போனது. பெட்டி சொல்வதைக் காட்டும் வெறும் திரையாகிவிட்டது டிவி. அம்மா மனப்பாடமாக வைத்திருந்த எண்கள் எல்லாம் மூன்று இலக்கமாக மாறின. கையில் இரண்டு ரிமோட் வந்தது.

ஒளிபரப்பு நுட்பம் வளர்ந்த கதையை நான் இப்படித்தான் படிக்கிறேன்: முன்பு மாடியில் இருந்த தொல்லை இப்போது கைக்கு இறங்கிவிட்டது. மாடித் தொல்லையை இளையவர்கள் சுமந்தார்கள். கைத் தொல்லையை முதியவர் தனியாகச் சுமக்கிறார்.

அம்மாவிடம் அது நடந்தது போன வருடம். இரண்டு நாள் அவள் டிவியே பார்க்கவில்லை, போனிலும் சொல்லவில்லை. பக்கத்து வீட்டு அக்காதான் சொன்னார். ஊருக்குப் போய்ப் பார்த்தால் திரை முழுக்க நீலம், மூலையில் ஆங்கிலத்தில் சிக்னல் இல்லை என்று ஒரு வரி. டிவி ரிமோட்டில் 'சோர்ஸ்' என்ற பட்டனில் விரல் பட்டிருக்கிறது. டிவி செட்டாப் பாக்ஸை விட்டுவிட்டு, எதுவும் செருகாத வேறொரு வாயைப் பார்த்துக்கொண்டு நின்றது. ஒரே பட்டன் போதும், சரியாகிவிட்டது. "நான்தான் என்னத்தையோ அமுக்கி ஒடச்சிட்டம்னு நெனச்சேன்யா" என்றாள். அந்த இரண்டு நாள் அவள் என்ன செய்தாள் என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை.

டிஜிட்டல் இன்னொன்றையும் மாற்றியது. அனலாக் படம் கெடும்போது படிப்படியாகக் கெடும்: கொசு பறக்கும், நிழல் விழும், ஆனாலும் முகம் தெரியும், பேச்சு கேட்கும். டிஜிட்டல் படம் கடைசி வரை பளிச்சென்று இருந்துவிட்டுச் சட்டென்று கட்டம் கட்டமாக உடையும், உறையும், கறுத்துப்போகும். மாறியதை மட்டும் அனுப்புகிற முறையில் நடுவே சில பிட்டுகள் தொலைந்தால், அடுத்த முழுப்படம் வரும்வரை பிழையின்மேல் பிழை ஏறும். வீட்டுக் குடை வழியாக நேரே செயற்கைக்கோளிலிருந்து வாங்குபவர்களுக்கு மழையில் இது அதிகம். அந்த அலையின் நீளம் இரண்டரை சென்டிமீட்டர்தான். சில மில்லிமீட்டர் பருமனுள்ள மழைத்துளிகள் அதை விழுங்கவும் சிதறடிக்கவும் போதும். கேபிள்காரரின் பெரிய குடை பெரும்பாலும் ஏழெட்டு சென்டிமீட்டர் அலையை வாங்குவது. மழை அதை அவ்வளவாகத் தொடாது. ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பெய்யும் ஊரில் தனியாக இருப்பவருக்கு இது முக்கியம். கேபிள் ஒழுங்காக வரும் தெருவானால் கேபிளை விடாதீர்கள்.

இனி கண். கடையில் முதலில் சொல்வது 4கே. அதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். நல்ல கண்ணால் பிரித்தறிய முடிந்த மிகச் சிறிய கோணம் ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு. 43 அங்குல 4கே திரையில் ஒரு புள்ளியின் அகலம் கால் மில்லிமீட்டர். 85 சென்டிமீட்டருக்கு அப்பால் போனால் பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் நல்ல கண்ணுக்கே ஒன்றாகிவிடும். முழு எச்டி திரையில் புள்ளி அரை மில்லிமீட்டர், அதற்கு 1.7 மீட்டர். அம்மாவின் நாற்காலி டிவியிலிருந்து ஒன்பது அடி, அதாவது 2.7 மீட்டர். அவள் பார்வை 6/12, அதாவது இந்தத் தூரங்களிலும் பாதி. அம்மா 4கே-யின் நுணுக்கத்தைக் காண வேண்டுமானால் திரைக்கு முன் 43 சென்டிமீட்டரில் மூக்கை வைக்க வேண்டும்.

கேபிள் பெட்டி எச்டி அல்லாத சாதாரணப் பெட்டியாக இருந்தால் வந்து சேர்வதே 576 கோடுகள்தான். அதை 55 அங்குலத் திரையில் விரித்தால் ஒவ்வொரு கோடும் 1.2 மில்லிமீட்டர் தடிமன். 'இவ்வளவு பணம் போட்டும் பழைய டிவி அளவுக்குத் தெளிவில்லையே' என்று பல வீடுகளில் கேட்கும் புலம்பலுக்குக் காரணம் இது. டிவிக்குப் பணம் கொடுக்கும் முன் கேபிள்காரரிடம் எச்டி பெட்டி கேளுங்கள்.

ஆனாலும் திரை கொஞ்சம் பெரிதாக இருப்பதில் பயன் உண்டு. புள்ளி எண்ணிக்கைக்காக இல்லை, எழுத்துக்காகவும் முகத்துக்காகவும். அடியில் ஓடும் செய்தி வரியில் ணை, ஞ போன்ற சுழியெழுத்துகள் மங்கிய கண்ணில் ஒன்றோடொன்று கலக்கும். முகம் ஏன் முக்கியம் என்பதைக் காது வரும்போது சொல்கிறேன்.

வெளிச்சமும் ஒரு சிக்கல். வயதாக ஆக கண்மணி சுருங்குகிறது, வில்லை மஞ்சளாகிறது. இருபது வயதில் விழித்திரைக்குப் போன ஒளியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் அறுபதில் போகிறது. அப்படியானால் திரையை முழுப் பிரகாசத்தில் வைக்கலாமே என்று தோன்றும். புரை உள்ள கண்ணில் ஒளி சிதறும். கடையில் வைத்திருக்கும் கண்கூசும் அமைப்பு அந்தக் கண்ணுக்கு வெண்மூட்டமாகத்தான் தெரியும். அம்மா ஒருமுறை ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்த்துவிட்டு, அறுவை செய்த கண்ணுக்கு வெள்ளை நீலம் பாரித்தும் மற்றக் கண்ணுக்குப் பழுப்பாகவும் தெரிகிறது என்றாள். அது முழுக்க உண்மை; புது வில்லை நீல ஒளியை மறுபடி உள்ளே விடுகிறது. ஜன்னலுக்கு எதிரே டிவியை வைக்காமல், வழவழப்பில்லாத திரையாகப் பார்த்து, பிரகாசத்தைப் பாதியில் நிறுத்தி, அவரையே பார்க்கச் சொல்லிச் சரிசெய்வதுதான் வழி.

காதைப் பற்றிக் கடையில் யாரும் பேசுவதில்லை. முதியவருக்கு டிவி பிடிக்காமல் போவதற்குக் காது பெரிய காரணம் என்று நான் நம்புகிறேன். "சத்தம் கேக்கு, என்ன சொல்லுதான்னுதான் வெளங்கல" என்று அம்மா சொல்வது ஒரு நோயின் மிகச் சரியான விவரிப்பு. உள்காதில் நத்தைக்கூடு போன்ற சுருளின் வாயிலில் இருக்கும் மயிர்ச்செல்கள் உயர்ந்த சுருதிகளைப் பிடிப்பவை. வயதில் முதலில் தேய்வது அவைதான். பேச்சில் உயிரெழுத்துகளின் பலம் தாழ்ந்த சுருதியில் இருக்கிறது. சொல்லை அடையாளம் காட்டும் மெய்களின் கூர்மை உயர்ந்த சுருதியில் இருக்கிறது. அந்தக் கூர்மை போனால் பட்டு, தட்டு, கட்டு மூன்றும் ஒரே சொல். சத்தத்தைக் கூட்டினால் உயிரும் பின்னணி இசையும் சேர்ந்து கூடும். மெய் அங்கேயே அமுங்கிக் கிடக்கும். பக்கத்து வீட்டில் சொல்லிக்காட்டுவார்கள், அம்மாவுக்கோ அப்போதும் விளங்காது.

மெல்லிய டிவிகள் இதை மோசமாக்கிவிட்டன. பழைய பெட்டியில் ஸ்பீக்கர் முகத்துக்கு நேரே இருந்தது, உள்ளே காற்றுக்கு இடமும் இருந்தது. இன்று ஒரு விரல் தடிமன் பலகைக்குள் ஸ்பீக்கரைத் திணித்து, கீழ்நோக்கியோ சுவர்நோக்கியோ வைக்கிறார்கள். தாழ்ந்த சுருதி எங்கும் வளைந்து பரவும். உயர்ந்த சுருதி நேராகப் போவது. சுவரில் மோதித் தேயும். அம்மாவின் காது இழந்த அதே பகுதியைத்தான் டிவியும் சுவரில் கொட்டுகிறது.

ஆகவே கடையில் பாட்டைப் போட விடாதீர்கள். செய்தியைப் போடச் சொல்லுங்கள். கண்ணை மூடிக்கொண்டு ஒன்பதடி தள்ளி நின்று, ஒவ்வொரு சொல்லும் விளங்குகிறதா என்று கேளுங்கள். பேச்சைத் தூக்கிக் கொடுக்கும் ஒலி அமைப்பு பல டிவிகளில் உண்டு. அதைக் காட்டச் சொல்லுங்கள். அதிலும் நல்லது, முன்நோக்கிய சிறு ஸ்பீக்கர் ஒன்றைக் கம்பியில் இணைத்து நாற்காலிப் பக்கம் வைப்பது. கம்பியில்லாமல் ப்ளூடூத்தில் இணைத்தால் ஒலி சற்றே பிந்தி வர வாய்ப்புண்டு, உதடும் சொல்லும் பிசகும். காது மந்தமானவர்கள் தம்மை அறியாமலே உதட்டைப் படிக்கிறார்கள். பட்டு என்பதற்கு உதடு மூடும், தட்டு என்பதற்கு மூடாது. முகம் பெரிதாகத் தெரிய வேண்டும் என்று மேலே சொன்னது இதற்காகத்தான்: அம்மாவின் கண் அவள் காதுக்குப் பாதி வேலை செய்கிறது.

கைக்கு வருவோம். எச்டிஎம்ஐ கம்பியில் 19 ஊசிகள் உண்டு. அவற்றில் 13-ஆவது ஊசி டிவியும் பெட்டியும் தமக்குள் கட்டளை பரிமாறிக்கொள்வதற்கு, சிஇசி என்பார்கள். அது வேலை செய்தால் ஒரே ரிமோட்டில் இரண்டும் எழும், இரண்டும் தூங்கும். ஆனால் நிறைய கேபிள் பெட்டிகளுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. இதற்கு ஒரு எளிய வழி இருக்கிறது. பல செட்டாப் பாக்ஸ் ரிமோட்டுகளின் ஒரு மூலையில் 'டிவி' என்று எழுதிய நான்கைந்து பட்டன்கள் இருக்கும். ரிமோட் என்பது நொடிக்கு 38,000 முறை துடிக்கும் அகச்சிவப்பு விளக்கு. எந்தப் பட்டன் என்பதை அந்தத் துடிப்பை விட்டு விட்டு அனுப்பிச் சொல்கிறது. இரண்டு ரிமோட்டுகளையும் முகத்துக்கு முகம் வைத்து அமுக்கினால், டிவி ரிமோட்டின் துடிப்பைப் பெட்டி ரிமோட் கற்றுக்கொள்ளும். அப்புறம் டிவி ரிமோட்டை அலமாரியில் பூட்டிவிடலாம், 'சோர்ஸ்' பட்டனோடு சேர்த்து. ரிமோட் வேலை செய்கிறதா என்ற சந்தேகம் வந்தால் போன் கேமராவை அதன் முனைக்கு நேரே பிடித்து அமுக்குங்கள். நம் கண்ணுக்குத் தெரியாத அந்த விளக்கு பெரும்பாலான கேமராக்களில் மினுக்கும்.

ஸ்மார்ட் டிவி வேண்டுமா என்பது கடினமான கேள்வி. ஆன் செய்தவுடன் ஆப்களின் சந்தை ஒன்று திரையில் விரிந்தால் அம்மா மிரளுவாள். கடைசியாகப் பார்த்த இணைப்பிலேயே நேராகத் திறக்கும் அமைப்பு இருக்கிறதா என்று கடையிலேயே சோதியுங்கள். அது இல்லாத டிவி எவ்வளவு நன்றாக இருந்தாலும் முதியவருக்கு உதவாது. இது என் தீர்ப்பு.

மாற்றம் நிற்கப்போவதில்லை. தூர்தர்ஷன் தன் பழைய தரைவழி அனலாக் கோபுரங்களில் மிகப் பெரும்பாலானவற்றை 2022-க்குள் நிறுத்திவிட்டது. மாதக் கட்டணமே இல்லாத டிடி ஃப்ரீ டிஷ் 2004 முதல் இருக்கிறது. அத்தகைய இலவசச் சேனல்களைத் தனிப்பெட்டி இல்லாமல் டிவிக்குள்ளேயே வாங்கும் ட்யூனருக்கு ஐஎஸ் 18112 என்ற தரத்தை இந்தியத் தர நிர்ணய அமைவனம் வகுத்திருக்கிறது. இணையம் இல்லாமலே கைபேசிக்கு நேராக ஒளிபரப்பும் முறையைப் பிரசார் பாரதியும் ஐஐடி கான்பூரும் சோதித்திருக்கின்றன. எது வந்தாலும் ஒரு புதுப் பெட்டியாகவோ ஒரு குச்சியாகவோ எச்டிஎம்ஐ வாயில்தான் முதலில் வந்து சேரும். மூன்று எச்டிஎம்ஐ வாய் உள்ள டிவியாக வாங்கினால் போதும். திரை பத்து வருடம் உழைக்கும். உள்ளிருக்கும் ஸ்மார்ட் மென்பொருள் அதில் பாதி நாளில் பழசாகிவிடலாம்.

அம்மாவுக்கு நாங்கள் வாங்கியது 43 அங்குலத்தில் முழு எச்டி டிவி, நாற்காலிப் பக்கம் ஒரு சிறு ஸ்பீக்கர், கேபிள்காரரிடம் மாற்றி வாங்கிய எச்டி பெட்டி. ரிமோட் ஒன்றுதான். அவள் பார்க்கும் ஏழு சேனல்களின் எண்களைப் பெரிய தமிழ் எழுத்துப் பெயர்களோடு அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். முதல் நாள் மாலைச் செய்தி முடிந்ததும், "அந்தப் பிள்ள வாசிக்கது ஒவ்வொண்ணும் வெளங்குய்யா" என்றாள்.

உங்கள் வீட்டிலும் டிவி மாற்றும் நாள் வந்தால், கடைக்குப் போகும் முன் ஒரு மாலை முழுவதும் அவருடைய நாற்காலியில் உட்கார்ந்து, அவருடைய ரிமோட்டால், அவர் வைக்கும் சத்தத்தில் டிவி பாருங்கள். எழுந்திருக்கும்போது நாற்காலிக்கும் திரைக்கும் உள்ள தூரத்தை நாடாவால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.